மேகம் தொங்கிய கம்பி

ஊறுகாய் ஜாடியைக் காலி செய்து கொடுத்தே ஆக வேண்டும் என்று தெனா அடுப்படியில் நின்று அடம்பிடித்தாள். பெரிய கண்ணாடி ஜாடி. இலையுதிர்காலத்தில் சிவப்புக் குடைமிளகாயை வினிகரில் ஊறப்போட்டு வைத்தது. மார்ச் மாதம் பாதி வரைக்கும் சாப்பிட்டும் அடியில் ஒரு சாண் உயரம் மிச்சம் இருந்தது.

"வேற பாத்திரத்துல கொட்டி வைம்மா. டீச்சர் பெரிய ஜாடிதான் வேணும்னாங்க."

"எத்தன தடவ கழுவினாலும் அதுல வாடை போகாதுடி. உன் ஜாடிக்குள்ள வினிகர் மழைதான் பெய்யும்."

"பெய்யட்டுமே," என்றான் வின்கோ, கதவருகே உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே. "முட்டைக்கோசு வயல்லயே ஊறிடும். உங்கம்மாவுக்கு ஒரு வேல மிச்சம்."

தெனா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா எது சொன்னாலும் அவளுக்குச் சிரிப்புதான். நான் மிளகாயை ஒரு சட்டியில் கொட்டிவிட்டு ஜாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.

நான்காம் வகுப்புக்கு நெவெங்கா டீச்சர் கொடுத்த வேலை அது. கூழாங்கல் ஒரு அடுக்கு, அதற்கு மேல் பொடித்த அடுப்புக்கரி, அதற்கு மேல் மண், பாசி, சின்னதாக ஒரு செடி. ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி ஜாடியை இறுக மூடிவிட வேண்டும். அப்புறம் திறக்கவே கூடாது. வெயில் பட்டால் தண்ணீர் ஆவியாகி மேலே போய், கண்ணாடியில் துளித்துளியாகப் பிடித்து, கனம் தாங்காமல் உள்ளேயே மழையாக இறங்கும். வெளியிலிருந்து ஒரு சொட்டு வேண்டாம், உள்ளிருந்து ஒரு சொட்டு போகாது. உலகத்தில் நடப்பதே ஜாடிக்குள் நடக்கும். தெனா இதையெல்லாம் டீச்சர் குரலிலேயே எனக்கு ஒப்பித்தாள். கடைசியில் நிறுத்தி, "கடல் எங்கம்மா வெக்கறது?" என்று கேட்டாள்.

நான் கடற்கரைக்காரி. போஸ்னியாவில் போய் வாழ்க்கைப்படப் போகிறேன் என்றபோது என் அம்மா அழவில்லை. "அங்க எல்லாம் மலைடி, எங்க பாத்தாலும் கண்ணு முட்டும்," என்று மட்டும் சொன்னாள். இந்த டோலாட்ஸ் ஊருக்கு வந்த முதல் வாரமே வின்கோவின் அம்மா என்னைக் கூட்டிப்போய் எது நம்ம நிலம், எது பக்கத்து வீட்டு நிலம் என்று காட்டவில்லை. எந்தெந்தப் பலகையைத் தாண்டக் கூடாது என்றுதான் காட்டினாள். சிவப்பு முக்கோணம், நடுவில் மண்டை ஓடு. சண்டை நின்று வருஷக்கணக்கு ஆகிவிட்டது. எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற காட்டு ஓரமாகத்தான் அன்றைக்கு இரண்டு படைக்கும் நடுவே கோடு ஓடியது. ஆட்கள் போய்விட்டார்கள், புதைத்தது போகவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆனா ஆவன்னா படிப்பதற்கு முன்னால் அந்தப் பலகையைப் படித்துவிடும்.

"கடல நீ மனசுல வெச்சுக்க," என்றேன். "ஜாடில எடமில்ல."

சனிக்கிழமை அப்பாவும் மகளும் கை டிராக்டரில் ஏறி விறகுக்குப் போனார்கள். நான் அடுக்குப் பலகாரத்துக்கு மாவு பிசைந்து, மேசை முழுக்கத் துணி விரித்து, கை அடியில் தெரிகிற மாதிரி மெல்லிசாக இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் இருக்கும்போது வீடு எரிந்தாலும் திரும்பிப் பார்க்க முடியாது. மாவு கிழிந்துவிடும். அவர்கள் திரும்பி வந்தபோது தெனா தன் கம்பளிச் சட்டையை மடித்துத் தொட்டில் மாதிரி ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். சட்டைக்குள் பாசி. நான் என் ஆயுசில் அப்படி ஒரு பாசியைப் பார்த்ததில்லை. தலையணை மாதிரி, கை வைத்தால் விரல் உள்ளே போய்விடும். பச்சையிலேயே மூன்று விதப் பச்சை. ஒரு ஓரத்தில் சுருண்ட பெரணிக் குருத்து, இன்னொரு ஓரத்தில் விதையைத் தலையிலேயே சுமந்துகொண்டு, நாங்கள் விறகுக்கு வெட்டுகிற பீச் என்கிற காட்டு மரத்தின் கன்று ஒன்று, விரல் உயரம்.

"எங்கடி எடுத்த இத?"

"மேல."

எங்கள் ஊரில் எல்லாமே மேலேதான். கோயில் மேலே, பள்ளிக்கூடம் மேலே, கல்லறைகூட மேலே. வின்கோ வாசலில் விறகை இறக்கிக்கொண்டிருந்தான். வன அலுவலகத்தில் குறி போட்டுக் கொடுத்த மரத்தைத்தான் வெட்டுகிறேன், அந்தப் பக்கத்து மேட்டில், என்று குளிர்காலம் தொடங்கும்போது சொல்லியிருந்தான். நான் மறுபடியும் மாவை இழுத்தேன்.

ஜாடியை அவளே அடுக்கினாள். என்னைத் தொடவிடவில்லை. பஞ்சை உருட்டி ஒரு மேகம் செய்தாள். மேகம் வேண்டும் என்று டீச்சர் சொல்லவில்லை, இது அவளாகச் சேர்த்தது. அதை மெல்லிய ஒரு கம்பியில் கோத்து, மூடியின் உள்பக்கம் ஒட்டி, பாசிக்கு நேர் மேலே தொங்கவிட்டாள். கம்பி அழுக்குப் பச்சையாக, அங்கங்கே துரு தின்று, நூல் மாதிரி இருந்தது. "நல்லாருக்கே, கம்பியே தெரியல, மேகம் சும்மா மெதக்கற மாதிரியே இருக்கு," என்று நான்தான் சொன்னேன்.

மறுநாள் வெயில் ஏறியதும் கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாக மூச்சு விட்ட மாதிரி ஆனது. மத்தியானத்துக்குள் துளிகள் பெருத்தன. ஒரு துளி இன்னொன்றைத் தொட்டு, இரண்டும் சேர்ந்து விறுவிறுவென்று இறங்கி மண்ணுக்குள் போனது. அவளுடைய பஞ்சு மேகமும் ஈரம் குடித்துக் குடித்துக் கனத்து, சாயந்திரம் நிஜமாகவே சொட்ட ஆரம்பித்தது. தெனா கத்திய கத்தலில் கோழிகள் கலைந்து ஓடின. அந்த வாரம் முழுக்க நான் பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஜன்னல் ஓரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பீச் கன்று தலையிலிருந்த விதைத் தோலைத் தள்ளிவிட்டு இரண்டு இலை விரித்தது. கதவு பூட்டிய வீட்டுக்குள் யாரோ நிம்மதியாகக் குடித்தனம் நடத்துகிற மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் எல்லார் ஜாடியையும் வைத்துக் காட்டினார்கள். எங்கள் பள்ளிக்கூடம் மொத்தமே ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை. பிள்ளைகள் குறைவு, ஊரில் பாதி ஜெர்மனியில். அதனால் ஒரு பிள்ளை கவிதை சொன்னாலும் ஊரே வந்து உட்காரும். பெண்கள் கேக் கொண்டுவந்திருந்தார்கள். ஆண்கள் வழக்கம்போலச் சுவர் ஓரமாக நின்றார்கள். கோயிலைப் பெருக்குகிற கட்டா அத்தை முதல் வரிசையில், தன் பேரப்பிள்ளை ஒன்றுகூட அந்தப் பள்ளியில் இல்லாவிட்டாலும், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள்.

மற்ற ஜாடிகளைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஒன்றில் தண்ணீர் அதிகமாகி மண் சேறாகி நாறியது, மூடியிருந்தும் நாறியது. ஒன்றில் பாசிக்குப் பதில் கீரை. ரோகோ என்கிற பையன் தவளை ஒன்றைப் பிடித்து உள்ளே போட்டிருந்தான். "அது எங்கடா?" என்று டீச்சர் கேட்டதற்கு, "ஆவியாயிருச்சு டீச்சர்," என்றான். அறையே அதிர்ந்தது. எல்லார் ஜாடியிலும் பாசி என்றால் ஓட்டிலிருந்தும் கல்சுவரிலிருந்தும் சுரண்டி எடுத்த மெல்லிய தோல்தான், சிமெண்டுத் தூளோடு.

தெனாவின் ஜாடி நடுவில் இருந்தது. கட்டா அத்தை எழுந்து போய்க் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள்.

"அம்மாடியோ! ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடிலுக்குப் பாசி வேணும்னு கோயில் பின்சுவத்தச் சுரண்டிச் சுரண்டி என் நகமே போச்சு. குழந்தை ஏசு சிமெண்டுலதான் படுத்திருக்காரு. நீ இத எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த? இந்த வருஷம் எனக்கும் கொஞ்சம் கொண்டா, உனக்கு ஆரஞ்சுப் பழம் தரேன்."

"கொண்டு வரேன் அத்தை," என்றாள் தெனா. பெருமையில் காது சிவந்திருந்தது. வின்கோ கதவருகே தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். நான் திரும்பிப் பார்த்தபோது எனக்குக் கண் அடித்தான். அந்த நிமிஷம் வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கேக் இருந்தது, வெயில் இருந்தது, என் புருஷன் எனக்குக் கண் அடித்தான்.

ரோகோவின் அப்பா ஸ்டிபான் தாமதமாக வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், பூட்ஸில் மண். கண்ணிவெடி எடுக்கிற குழுவில் இருக்கிறார். அந்த மாதங்களில் மலைக்கு மறுபக்கம் அவர்களுக்கு வேலை. நாள் முழுக்க முழங்காலில் ஊர்ந்து ஒரு மேசை அகலம் நிலத்தைத் தேடுகிற வேலை. அதனாலோ என்னவோ அவர் எதையும் மெதுவாகத்தான் பார்ப்பார். பையனின் ஜாடியைப் பார்த்து, தவளைக் கதையைக் கேட்டுச் சிரித்து, அவன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, வரிசையாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தெனாவின் ஜாடிக்கு வந்ததும் குனிந்தார். எல்லாரும் பாசியைப் பற்றி ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்தோம். அவர் பாசியைப் பார்க்கவில்லை. மூடியைப் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார். ஜாடியை இரண்டு கையாலும் பிடித்து, தூக்காமல், மேசை மேலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்.

"நல்லாருக்கு பாப்பா," என்றார். "ரொம்ப நல்லாருக்கு. இந்த மேகத்தத் தொங்கவிட்டிருக்கியே, அந்தக் கம்பி. அது வீட்ல இருந்ததா?"

"இல்ல மாமா. பாசி எடுத்த எடத்துல."

"கீழ கெடந்துச்சா?"

"மரத்துல கட்டியிருந்துச்சு. அங்கேருந்து இலைக்குள்ள நீட்டாப் போச்சு." அவளுக்குச் சந்தோஷம். பாசியை எல்லாரும் கேட்டாயிற்று, கம்பியை இவர்தான் முதலில் கேட்கிறார். "எனக்குக் கொஞ்சம்தான் வேணும். இழுத்துப் பாத்தேன், வரல. நல்லா இழுத்தேன், அப்பவும் வரல. அப்புறம் மரத்துக்கிட்ட வந்து, சுத்தியிருந்தத உருவிட்டு, இப்படி இப்படி முறுக்கி ஒடைச்சேன்."

இரண்டு கையிலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, முன்னும் பின்னும் வளைத்துக் காட்டினாள்.

ஸ்டிபான் கையைப் பின்னால் நீட்டி, தடவிப் பார்த்து, ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். அது ஒன்றாம் வகுப்பு நாற்காலி. முழங்கால் இரண்டும் மார்புவரைக்கும் வந்தது. யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள்.

"நல்லா இழுத்தியா," என்றார். கேள்வி மாதிரி இல்லை.

"ஆமா. கால மரத்துல வெச்சு."

நெவெங்கா டீச்சர் கையிலிருந்த கேக் தட்டை ஜாடிகளுக்கு நடுவே வைத்தார். தட்டு சாய்ந்திருந்தது, அவர் நிமிர்த்தவில்லை. எனக்கு இன்னும் புரியவில்லை. புரியவில்லை என்பதும் பொய். உடம்புக்குப் புரிந்துவிட்டது, தலைக்கு வந்துசேரவில்லை. ஜாடியில் ஒரு துளி இறங்கியதைப் பார்த்தேன். அது இறங்கி முடிக்கிற வரைக்கும் எதுவும் நடக்காது என்கிற மாதிரி அதையே பார்த்தேன்.

"எந்த எடம், பாப்பா?"

"மேல. அப்பா விறகு வெட்டற எடத்துல."

அறை முழுக்கக் கதவுப் பக்கம் திரும்பியது. ஆண்கள் திரும்பவில்லை. அதை நான் கவனித்தேன். பெண்கள் எல்லாரும் வின்கோவைப் பார்த்தார்கள், சுவர் ஓரம் நின்ற ஆண்கள் எல்லாரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள்.

தெனா முட்டாள் இல்லை. அப்பாவுக்கு ஏதோ கெட்டது வரப்போகிறது என்று பிடிபட்டுவிட்டது. அவனைக் காப்பாற்றுவதற்காகக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்:

"அப்பா மேல தப்பில்ல. நான் அப்பா வெச்ச அடிலதான் அடி வெச்சு நடப்பேன். அது எங்க வெளையாட்டு. அடி தப்புனா அவுட்டு."

அவுட்டு என்று சொல்லும்போது அவள் வழக்கம்போல ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

ஸ்டிபான் எழுந்திருக்காமலே, "பலகை இருக்கே வின்கோ," என்றார்.

"பலகை எங்கதான் இல்ல?" என்றான் வின்கோ. "அது மியோ மாமாவோட பசு போன எடம். ஊருக்கே தெரியும். வெடிச்சது வெடிச்சிருச்சு. அதுக்கப்புறம் அந்த எடம் சுத்தம். நாங்க எல்லாரும் அங்கதான்..." சுவர் ஓரத்தைப் பார்த்தான். ஒரு தலைகூட நிமிரவில்லை. "எல்லாரும் அங்கதான்டா போறோம். யாராச்சும் ஒருத்தன் வாயத் தொறங்களேன்!"

நானும் கேட்டிருக்கிறேன் அந்தக் கதையை. நான் கல்யாணமாகி வந்த பிறகு நடந்தது. மியோ மாமாவின் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு பலகையைத் தாண்டிப் போய் மேய்ந்தது. சத்தம் கேட்டது. மியோ மாமா அழுதார். ஒரு மாதம் கழித்து ஊர் பேச ஆரம்பித்தது, பசு போனாலும் நமக்கு ஒரு இடத்தைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்று. பேசிப் பேசி அது நிஜமாகிவிட்டது. அந்த வருஷம் ஒருத்தன் போனான், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷம் இரண்டு பேர். மரமெல்லாம் நெடுநெடுவென்று நின்றது, சண்டை முடிந்ததிலிருந்து கோடாலி படாத மரம்.

"எவனும் ஒண்ணே ஒண்ண வெச்சிட்டுப் போகமாட்டான் வின்கோ," என்றார் ஸ்டிபான். சத்தம் போடவில்லை. "வரிசையா வெப்பான். ஒண்ணுக்கு ஒண்ணு துணையா வெப்பான். கால் இடறினா வெடிக்கறதுக்குக் கட்டற கம்பி இது. இந்த முனை இங்க இருக்கு. மரத்துல கட்டற வளையம், பாரு, மூணு சுத்து சுத்தியிருக்கான். அந்த முனை என்னத்துல கட்டியிருக்கு? அது இன்னும் அங்கதான இருக்கு? இந்தப் பொண்ணு கால மரத்துல வெச்சு இழுத்திருக்கா."

"ஏசப்பா," என்றாள் கட்டா அத்தை. "நான் கிறிஸ்துமஸுக்குக் கேட்டேனே. ஆரஞ்சு தரேன்னு சொன்னேனே."

ஸ்டிபான் மூடியின் மேல் கை வைத்தார். உடனே தெனா பாய்ந்து ஜாடியைக் கட்டிக்கொண்டாள். "தொறக்கக் கூடாது! மூடினா தொறக்கவே கூடாது, டீச்சர் சொன்னாங்க, தொறந்தா செத்துப்போயிடும்!" அப்போதுதான் அவள் அழுதாள். அவர் கையை எடுத்துவிட்டார்.

"வேணாம் வேணாம். தொறக்கல. கண்ணாடி வழியாவே நல்லாத் தெரியுது." அப்புறம் எழுந்து நின்று, சுவர் ஓரத்தைப் பார்த்துச் சொன்னார்: "யாரும் மேல போகாதீங்க. எவன் கோடாலி அங்க கெடந்தாலும் கெடக்கட்டும். காலைல எங்க ஆளுங்கள வரச்சொல்றேன்."

வீடு வரைக்கும் நடந்தோம். தெனா ஜாடியை நெஞ்சோடு அணைத்து முன்னால் நடந்தாள். வழியில் மற்ற வீடுகளிலிருந்து சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு வீட்டில் ஒரு பெண் கத்துகிறாள், அடுத்த வீட்டில் இன்னொருத்தி. நான் கத்தவில்லை. எதை முதலில் கேட்பது என்றே தெரியவில்லை. கேள்வி நிறைய இருந்தது, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"விறகு வேணாமா?" என்றான் வின்கோ கடைசியில். "குளிர்காலம் பூரா நீயும்தான எரிச்ச."

"எரிச்சேன். குறி போட்டுக் கொடுத்த மரம்னு சொன்ன."

"ஒண்ணும் ஆகாது யான்யா. எனக்கு அங்க ஒவ்வொரு மரமும் தெரியும்."

"மரம் தெரியும்." நான் நின்றுவிட்டேன். "உன் அடிலயே அடி வெச்சு வான்னு அவகிட்ட எதுக்குச் சொன்ன?"

அவன் தொப்பியைக் கழற்றி மறுபடியும் கையில் சுருட்டினான்.

"சுத்தமான எடம்னா எதுக்குடா அடி பாத்து வரச்சொன்ன? ஓடி வெளையாடுன்னு சொல்ல வேண்டியதுதான? உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போன. வெளையாட்டுன்னு பேரு வெச்சுக் கூட்டிட்டுப் போன."

"எங்க அப்பா என்ன அப்படித்தான் கூட்டிட்டுப் போனாரு," என்றான். "சண்டை முடிஞ்ச வருஷம். நானும் இவ வயசு." அதைச் சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்ட மாதிரி வாயை மூடிக்கொண்டான். அவன் அப்பா அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. அவனும் அதுவரைக்கும் அதை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

வீட்டில் அடுப்பு அணைந்திருந்தது. விறகுக் கட்டையைக் கையில் எடுத்தேன். நல்ல பீச் கட்டை, வழவழவென்று, ஒரு பக்கம் பச்சையாகப் பாசி ஒட்டியிருந்தது. குளிர்காலம் முழுக்க அதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாசியைத் தடவிக்கூடப் பார்த்திருக்கிறேன், எரியும்போது நல்ல வாசனை வரும். அதை அடுப்பில் வைக்கவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. ஒவ்வொரு கட்டைக்கும் எத்தனை அடி நடந்து போயிருப்பான், எத்தனை அடி நடந்து வந்திருப்பான். நாங்கள் குளித்த வெந்நீர், சுட்ட ரொட்டி, தெனாவின் தலைமுடி காயவைத்த சூடு. அன்றைக்கு ஆறின ரொட்டியும் வெண்ணெயும்தான் சாப்பிட்டோம், மேலங்கியைக் கழற்றாமல்.

காலையில் ஸ்டிபானின் குழு வந்தது. மேலே தார்ச்சாலை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, மரத்துக்கு மரம் நாடா கட்டினார்கள். நாடாவுக்கு அப்பால் காடு. குளிர்காலத்து இலை பழுப்பாகக் கிடந்தது, நடுவே வெள்ளைப் பூக்கள் முளைத்திருந்தன. பார்க்க எங்கள் தோட்டம் மாதிரிதான் இருந்தது. குழுத் தலைவர் ஒரு நரைத்த ஆள், எங்கேயோ வடக்கிலிருந்து வந்தவர். வின்கோ தன் தடத்தைக் காட்டினான். இந்தப் பாறை, அந்த முறிந்த மரம், அதற்கு இடது பக்கம். நன்றாகச் சொன்னான். ஆனால் கம்பியை அவன் பார்த்ததே இல்லை. அவன் மரம் அறுத்துக்கொண்டிருந்தபோது தெனா அவன் பின்னால் வெட்டுக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தாள் என்றுதான் அவன் நினைத்திருக்கிறான். ரம்ப இயந்திரத்தின் சத்தத்தில் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாப்பா எங்க போச்சுன்னு பாப்பாதான் சொல்லணும்," என்றார் தலைவர். "உள்ள வேண்டாம். இங்க, ரோட்டுலயே. இந்தக் கோடுதான் அந்த வெட்டுக்கட்டைன்னு வெச்சுக்க. நீ போன மாதிரியே போய்க் காட்டு. அவசரமில்ல."

தாரின் மேல் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டார். தெனா என்னைப் பார்த்தாள், வின்கோவைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். தார்ச்சாலை. லாரி போகிற சாலை. அடியில் ஒன்றும் கிடையாது. அதை எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

கோட்டின் மேல் உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள்.

"மொதல்ல இந்தப் பக்கம் வந்தேன். இங்க ஒரு பள்ளம். தாண்டினேன்." தாண்டினாள். இரண்டு காலும் சேர்ந்து தாரில் விழுந்த சத்தம் என் பல்லில் கேட்டது. "இங்க கல்லு. இப்படி ஏறி இப்படிக் குதிச்சேன்." குதித்தாள். ஸ்டிபான் அவள் பக்கத்திலேயே நடந்து, ஒவ்வொரு இடத்திலும் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார். "இங்க ஒரு நத்தை இருந்துச்சு. அதுக்காக உக்காந்தேன்." உட்கார்ந்தாள். "அப்புறம் அங்க பாசி தெரிஞ்சுது. இங்கதான் கம்பி, நான் அதுக்கு அடியில குனிஞ்சு போனேன். இல்ல, மேல. காலத் தூக்கித் தாண்டினேன். இல்ல இல்ல, போகும்போது அடியில, வரும்போது மேல." ரப்பர் பூட்ஸ் போட்ட காலைத் தூக்கி, இல்லாத கம்பியின் மேல் வைத்து, ஒற்றைக்காலில் ஆடி, மறுபக்கம் வைத்தாள். "இங்க கவுந்து படுத்தேன். பாசி பெருசா இருந்துச்சு, முழுசா வரணும்னு விரல அடியில விட்டு விட்டு எடுத்தேன்."

படுத்தே காட்டினாள். கன்னத்தைத் தாரில் வைத்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களால் சாலையைத் துழாவினாள். தலைவர் குறிப்பதை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றி, மறுபடியும் போட்டுக்கொண்டார். வின்கோ என் பக்கத்தில்தான் நின்றான்.

"அப்புறம் நீ கூப்பிட்டியே அப்பா," என்றாள் தெனா எழுந்து, முட்டியைத் தட்டிக்கொண்டு. "டிராக்டர ஸ்டார்ட் பண்ணிட்டு, தெனா வாடின்னு கத்தினியே. அப்ப நான் ஓடி வந்தேன்."

"எந்த வழியா பாப்பா?" என்றார் ஸ்டிபான். "போன வழியாவேதான?"

"இல்ல. நேரா."

புள்ளிகளைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, இல்லாத பாசியைக் கீழே விழாமல் நெஞ்சோடு ஏந்திக்கொண்டு அவள் சாலையின் நடுவே எங்களை நோக்கி ஓடி வந்தாள். பூட்ஸ் பெரிசு, ஒவ்வொரு அடிக்கும் தொப் தொப்பென்று சத்தம். வின்கோ இரண்டு கையையும் முன்னால் நீட்டி, தொண்டை கிழிய, "நில்லு! அங்கயே நில்லு! நகராத!" என்று கத்தினான். அவள் அதை விளையாட்டென்று நினைத்து, சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக ஓடி வந்தாள்.